ஹெலிகாப்டர் குஞ்சுகள்

தீவனத் தட்டுகளை வரிசையாக நிரப்பிக்கொண்டு போன நெட்டையன் சட்டென்று குனிந்து ஒரு குஞ்சைத் தூக்கினான். பல்பு வெளிச்சத்தில் அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தான். பிறகு ஷெட்டின் மறுகோடியில் தண்ணீர்க் குழாயைக் கழுவிக்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டான்.

“அக்கா, இதைக் கொஞ்சம் வந்து பாரேன். ரெக்கை ஒரு தினுசா இருக்கு.”

அக்கம்பக்கத்தில் அவளுக்குக் கோழியக்கா என்று பேர். பொரித்த மறுநாளே குஞ்சுகளை வாங்கி, ஆறேழு வாரம் வளர்த்து, கறிக்கு வண்டி ஏற்றி அனுப்புகிற தொழில். அவளும் கணவருமாகக் கட்டிய ஷெட் அது. சிறுநீரகம் கெட்டு, வருடக்கணக்கில் படுக்கையில் கிடந்து அவர் போனபிறகு, பஸ் ஓட்டிக்கொண்டிருந்த தம்பி வேலையை விட்டுவிட்டு அவளுக்குத் துணையாக வந்து சேர்ந்தான். ஆறடியைத் தாண்டிய உடம்பு. ஷெட்டின் தாழ்ந்த உத்தரத்தில் தினம் ஒரு தடவையாவது மண்டையை இடித்துக்கொண்டு, உத்தரத்தையே திட்டுவான். நெட்டையன் என்று சொன்னால்தான் யாருக்கும் அவனைத் தெரியும்.

அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு வாரத்தில் மஞ்சள் பஞ்சு உதிர்ந்து, சிறகில் வெள்ளை இறகு அடுக்கடுக்காக உடம்போடு படிந்து வரவேண்டும். இந்தக் குஞ்சுக்குத் தலையெல்லாம் இன்னும் மஞ்சளாகவே இருந்தது. சிறகில் முளைத்த நாலைந்து இறகுகளும் படியாமல், பக்கவாட்டில் விறைத்துக்கொண்டு நின்றன. ஒன்று நடுவில் ஒடிந்து தொங்கியது. கையில் பிடித்தால் எடையே இல்லை.

“கூட்டத்துல மிதிபட்டிருக்கும்” என்றாள். சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தாள். தம்பியின் காலடியில் அதே மாதிரி இன்னொன்று நின்றது. சற்றுத் தள்ளித் தட்டின் ஓரத்தில் இன்னொன்று.

அந்த வாரம் முடிவதற்குள் எங்கே பார்த்தாலும் அவைதான் கண்ணில் பட்டன. மற்றக் குஞ்சுகள் கொழுகொழுவென்று உருண்டு ஓட, இவை மட்டும் பொரித்த நாளில் இருந்த அளவிலேயே நின்றுவிட்டன. தின்னாமலும் இல்லை. தட்டை விட்டு நகராமல் கொத்திக்கொண்டேதான் இருந்தன. தின்ற மக்காச்சோள நொய் அப்படியே எச்சத்தில் வந்து விழுந்தது. மரத்தூள் பரப்பிய தரை, அவை நின்ற இடங்களில் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் நசநசவென்று ஆனது. இறகு உடம்பை மூடாததால் குளிர் தாங்காமல் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. ஒடிந்த இறகின் தண்டில் துளி ரத்தம் தெரிந்தால் போதும், நன்றாக இருக்கிற குஞ்சுகள் வந்து கொத்தின. அவை கத்திக்கொண்டு ஓடக்கூடத் தெம்பில்லாமல் நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டன.

கோழி டாக்டர் வந்தார். இளவயதுப் பெண், ரப்பர் பூட்ஸை வாசலில் மருந்துத் தண்ணீரில் முக்கிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். செத்த குஞ்சு ஒன்றை வெளியே மர மேஜையில் வைத்து அறுத்துப் பார்த்தார். குடலை விரலால் நீவிக் காட்டினார். வெளிறிப்போய், காற்றடைத்தது மாதிரி உப்பியிருந்தது.

“தீவனத்துல கோளாறா டாக்டரம்மா?” என்று கேட்டாள் அக்கா.

“தீவனம் நல்லாத்தான் இருக்கு. இதுங்களுக்குத்தான் அது ஒட்டல. குடல்ல கிருமி. தின்னது தின்னபடியே வெளிய போயிடுது. இறகு முளைக்கிற வயசுல சத்து சேரலேன்னா இப்படித்தான் கோணல்மாணலா வரும். ரெக்கை பக்கவாட்டுல நிக்கிறதால, எங்க ஆளுங்க இதுக்கு ஹெலிகாப்டர்னு பேர் வெச்சிருக்காங்க.”

“ஓரடி பறக்கத் துப்பில்ல, பேரப் பாரு” என்று நெட்டையன் சிரித்தான். டாக்டரும் சிரித்தார். அக்கா மட்டும் மேஜையில் கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மருந்து ஏதாவது…”

“இதுக்குன்னு மருந்து கிடையாதும்மா. வெதுவெதுப்பா வெச்சுக்கங்க. தண்ணில வைட்டமின் கலந்து குடுங்க. லேசா பட்டது சிலது தேறலாம். ரொம்ப மோசமானதைத் தனியா எடுத்துடுங்க. அதுங்க கஷ்டமும் குறையும், மத்ததுக்கும் நல்லது.”

‘தனியா எடுப்பது’ என்றால் என்னவென்று இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு தடவையும் சூம்பிப்போனது, கால் மடங்கியது என்று சில இருக்கத்தான் செய்யும். ஷெட்டுக்குப் பின்னால் குழாயடியில் வைத்து அதை முடித்துவிட்டு வருவது அவள் கணவரின் வேலையாக இருந்தது. வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் படுக்கையில் விழுந்ததும் கூலியாள் ஒருவன் செய்தான்; அவருக்குப் பிறகு அது தம்பியின் தலையில் விழுந்தது. அக்கா ஒரு நாளும் அந்தப் பக்கம் போனதில்லை.

டாக்டரின் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும் நெட்டையன் கூடையை எடுத்தான்.

“வெய்டா கூடையை” என்றாள். “சிலது தேறலாம்னு சொன்னாங்கல்ல?”

“லேசா பட்டதுன்னு சொன்னாங்க.”

“எது லேசு, எது மோசம்னு உனக்கு எப்படித் தெரியும்?”

அவள் அந்தக் கூடையை அவன் கையிலிருந்து வாங்கி, கோணல் இறகுக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே வைத்தாள். வீட்டின் பின்னறைக்குக் கொண்டுபோனாள். நெட்டையன் வாசற்படியில் நின்றுவிட்டான்.

“அக்கா… இந்த ரூம்லயா?”

“சும்மாதானே கெடக்கு.”

கட்டிலை எடுத்த பிறகு அந்த அறையை யாரும் புழங்கவில்லை. சுவரில் கட்டில் உராய்ந்த கோடு அப்படியே இருந்தது. சலைன் பாட்டிலைத் தொங்கவிட்ட ஆணியில் இப்போது பல்பைத் தொங்கவிட்டாள். தரையில் பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் மரத்தூளைப் பரப்பினாள்.

அன்று முதல் அவளுக்கு அதுவே வேலையாகிவிட்டது. தீவனத்தை வெந்நீரில் குழைத்து விரல் நுனியில் வைத்து ஊட்டினாள். முட்டையை வேகவைத்து மஞ்சள் கருவைப் பொடித்துப் போட்டாள். எச்சம் காய்ந்து அடைத்துக்கொண்ட குஞ்சுகளை வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்துவிட்டாள். மழைக்காலம் தொடங்கி, ஜன்னல் கண்ணாடியில் எந்நேரமும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. காலையில் கதவைத் திறந்தால் ஓரத்தில் சில விறைத்துக் கிடக்கும். அவற்றைக் காகிதத்தில் சுற்றி வெளியே வைத்துவிட்டு, மிச்சத்துக்குத் தண்ணீர் மாற்றுவாள். செத்தது போக இருந்தவையும் வளரவில்லை. இறகு மட்டும் நீண்டது. அதுவும் கண்ட திசையில், காற்றில் சிக்கிய குடைக் கம்பி மாதிரி. உள்ளே சிவந்த தோல் அப்படியே தெரிந்தது.

இவள் இங்கே இருக்க, ஷெட்டு முழுக்க நெட்டையன் தலையில் விழுந்தது. பக்கவாட்டுப் படுதாவை ஏற்றி இறக்க, ஈர மரத்தூளை அள்ளிக் கொட்ட, தீவன மூட்டை சுமக்க, எல்லாவற்றுக்கும் ஒற்றை ஆள். அவன் முகம் செத்துப்போய்விட்டது. சாப்பிட உட்காரும்போது அக்காவின் தட்டைப் பார்ப்பான். அவள் ரெண்டு வாய் எடுத்து வைத்துவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவாள். கடைவாய்ப் பல் வெகுநாளாகக் குடைந்துகொண்டிருந்தது. பின்னறையிலேயே பாய் விரித்துப் படுக்கவும் ஆரம்பித்திருந்தாள். அவள் சேலையில், தலைமுடியில், எல்லாவற்றிலும் குஞ்சு நாற்றம்.

ஒரு நாள் அவன் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டான்.

“உனக்கு இன்னொரு நோயாளி கெடச்சாச்சு. அவ்வளவுதான் விஷயம்.”

அவள் குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை.

“தின்னது ஒட்டாம, உடம்பு வத்தி, ராவும் பகலும் பக்கத்துலயே உக்காந்து… பாத்துட்டுத்தானே இருக்கேன். மாமாவுக்குச் செஞ்சதையே திருப்பிச் செஞ்சிட்டிருக்க. அவரும் தேறல. இதுங்களும் தேறாது.”

“கதவைச் சாத்திட்டுப் போடா. குளிர் உள்ள வருது” என்றாள்.

அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சாதுவாகிவிட்டான். வைட்டமின் பாட்டிலைக்கூட அவனே கலந்து கொண்டுவந்து கொடுத்தான். தம்பிக்கு மனசு இளகிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சில நாள் கழித்து ஒரு காலையில் அவனே சொன்னான். “வைட்டமின் தீந்துபோச்சுக்கா. டவுனுக்குப் போய் வாங்கிட்டு வந்துடேன். அப்படியே அந்தப் பல்லையும் காட்டிட்டு வா. ராத்திரியெல்லாம் முனகற, சுவத்தத் தாண்டிக் கேக்குது. இதுங்கள நான் பாத்துக்கறேன்.”

அவளுக்கே அதிசயமாக இருந்தது. நல்ல சேலை கட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வைட்டமின் கிடைத்தது. பல் டாக்டரின் கதவில்தான் பூட்டுத் தொங்கியது. வெளியூர் போயிருப்பதாக ஒரு அட்டையில் எழுதி மாட்டியிருந்தார்கள். மழையில் எங்கே போய் நிற்பது? வந்த பஸ்ஸே திரும்பத் தயாராக நின்றது. அதிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே பின்னறைக்குத்தான் போனாள். பல்பு அணைந்திருந்தது. மரத்தூளில் சின்னச் சின்னக் குழிகள் மட்டும் இருந்தன. ஒரு குஞ்சு இல்லை.

குடையைக்கூட மடக்காமல் ஷெட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

குழாயடியில் தகரக் கூரைக்குக் கீழே, கவிழ்த்த வாளியில் நெட்டையன் உட்கார்ந்திருந்தான். கால் நீளமானதால் முழங்கால் இரண்டும் நெஞ்சுவரை உயர்ந்து நின்றன. ஒரு பக்கம் கூடை. அதில் இன்னும் கீச்கீச்சென்று சத்தம். இன்னொரு பக்கம் மூடி போட்ட டிரம். அவன் இவளைப் பார்க்கவில்லை. கூடைக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து, அதன் தலையை உள்ளங்கையால் பொத்தி, நடுக்கம் அடங்கும்வரை அப்படியே வைத்திருந்தான். பிறகு ஒரே திருப்பு. டிரம்மின் மூடியை லேசாகத் தூக்கி உள்ளே வைத்தான். எறியவில்லை, வைத்தான்.

அடுத்ததற்குக் கூடைப் பக்கம் திரும்பும்போது அவள் கால் தெரிந்தது.

“பல் டாக்டர் இல்லையா?” என்றான். கேட்டது முட்டாள்தனம் என்று அவனுக்கே தெரிந்தது.

“இல்ல.”

மழை தகரத்தில் தடதடவென்று விழுந்துகொண்டிருந்தது.

“நீ வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்னு பாத்தேன்.”

“அப்புறம்? என்ன சொல்லியிருப்ப?”

“பல்பு ஃபியூஸ் போயிடுச்சு, குளிர்ல எல்லாம் போயிடுச்சுன்னு.”

“நானும் நம்பியிருப்பேன்.”

அவன் தலையைத் தாழ்த்திக்கொண்டான். அவள் கத்துவாள், அறைவாள் என்று எதிர்பார்த்திருப்பான்போல. தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளுக்கும் அப்படி ஏதாவது செய்யவேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

“அன்னிக்கும் இப்படித்தானே அனுப்பின?”

“என்னிக்கு?”

“ஆஸ்பத்திரில. ‘வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டு வா, நான் பாத்துக்கறேன்’னு சொன்னியே. அதே வார்த்தை. நான் தலைக்கு ஊத்திக்கிட்டிருக்கும்போது போன் அடிச்சுது.”

அவன் கூடையிலிருந்து ஒரு குஞ்சை எடுத்தான். அதன் இறகை விரலால் உடம்போடு படிய வைத்தான். விட்டதும் அது மறுபடி பக்கவாட்டில் எழுந்து நின்றது.

“டாக்டர் உன்கிட்ட முன்னாடியே சொல்லிட்டாரா?”

“அக்கா, விடு.”

“சொல்லிட்டாரான்னு கேட்டேன்.”

“சொன்னாரு.” குரல் மழையில் பாதி கரைந்துபோனது. “காலைலயே சொன்னாரு. இன்னிக்குத் தாண்டாதுன்னு. மூச்சு இழுக்க ஆரம்பிச்சா பாக்கக் கஷ்டமா இருக்கும்னாரு. நீ சோறு தண்ணி இல்லாம அரை உசிரா நின்னுட்டிருந்த. உன்னால தாங்க முடியாதுன்னு நெனச்சேன்.”

“அதை முடிவு பண்ண நீ யாருடா?”

அவள் அதைச் சத்தம் போட்டுக் கேட்கவில்லை. அத்தனை வருஷம் மலம் மூத்திரம் எடுத்து, முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டு, நடுக்கம் வந்தபோதெல்லாம் மேலே விழுந்து அணைத்துப் பிடித்திருந்தவள் அவள். கடைசி அரை நாளை மட்டும் அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். விதி என்று இத்தனை நாள் தன்னையே தேற்றிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம் முன்னால் பஸ் கிடைத்திருந்தால், தலைக்கு ஊற்றாமல் மேலுக்கு மட்டும் ஊற்றியிருந்தால் என்று எத்தனை கணக்குப் போட்டிருப்பாள்! விதி இவ்வளவு நெட்டையாக எதிரிலேயே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தது அவளுக்குத் தெரியாமல் போயிற்று. தெரியாது என்றும் சொல்லமுடியாது. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று கேட்காமல் இருந்தாள்.

இன்னொரு வாளியைக் காலால் இழுத்துக் கவிழ்த்து, அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். நல்ல சேலையின் ஓரம் சேற்றில் புரண்டது.

“கூடையை இப்படித் தள்ளு.”

“வேணாம்கா. நீ உள்ள போ. கொஞ்சம்தான் இருக்கு.”

“மறுபடியும் உள்ள போங்கற. தள்ளுடா.”

அவன் தள்ளினான். அவள் கைக்கு வந்த முதல் குஞ்சு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, அவள் கட்டைவிரலைத் தீவனம் என்று நினைத்துக் கொத்தியது. நேற்றுவரை அந்த விரலால்தான் ஊட்டியிருந்தாள். அவன் செய்தது மாதிரியே தலையைப் பொத்தினாள். திருப்பும்போது கை தளர்ந்துவிட்டது. அது சாகாமல் துடித்தது. “ஐயோ” என்று அவளையறியாமல் கத்திவிட்டாள். நெட்டையன் எழுந்து வரப்போனான். அவள் தலையை ஆட்டித் தடுத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாம் முறை அழுத்தமாகத் திருப்பினாள். நின்றுவிட்டது. வலித்த பல்லின் வேதனை மண்டைவரை ஏறியது. கன்னத்தில் வழிந்தது எதனால் என்று அவளுக்கே தெரியவில்லை.

பிறகு கை பழகிவிட்டது. கூடையிலிருந்து ஒன்று அவன் எடுத்தான், ஒன்று அவள் எடுத்தாள்.

கூடையில் சத்தம் அடங்குகிற நேரத்தில் அவள் கேட்டாள். “கடைசில ஏதாவது சொன்னாரா?”

நெட்டையன் நிமிரவில்லை. “நீ எங்கன்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“குளிக்கப் போயிருக்கான்னு சொன்னேன். ‘மெதுவா வரட்டும். தலையக் காயவெச்சிட்டு வரச்சொல்லு. ஈரத் தலையோட ஓடி வந்து நிப்பா’ன்னாரு. அப்புறம் தண்ணி கேட்டாரு. குடுத்தேன். உள்ள போகல.”

அவள் கையிலிருந்ததை டிரம்முக்குள் வைத்தாள்.

“இதை ஏன்டா இத்தனை நாள் சொல்லல?”

“சொன்னா, என்னை ஏன் அனுப்பினன்னு கேப்பியே.”

மழை விட்டதும் இருவருமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவி மூடினார்கள். அன்று அவள் சமைக்கவில்லை. அவன் தின்ன ஒன்றும் கேட்கவில்லை.

ஷெட்டில் இருந்தவையும் அந்தத் தடவை சோபிக்கவில்லை. கிருமி லேசாக எல்லாவற்றையும் தொட்டிருந்தது. பாதிக்குமேல் எடை சேராமல், கூளம் கூளமாக இறகை வைத்துக்கொண்டு நின்றன. வண்டியில் ஏற்ற வந்தவர்கள் கூண்டைத் தூக்கிப் பார்த்து, “என்ன கோழியக்கா, பஞ்சு மூட்டையா வளத்திருக்கீங்க?” என்று கேலி பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வண்டி போனதும் ஷெட்டில் அப்படி ஒரு அமைதி.

அந்த அமைதியில்தான் நெட்டையன் சொன்னான். “பழைய கம்பெனில டிரைவருக்கு ஆள் எடுக்கறாங்களாம்.”

போகாதே என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தானா, போ என்று சொல்லவேண்டும் என எதிர்பார்த்தானா, தெரியாது. அவள் தீவனத் தட்டுகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே, “ஷெட்டுக்கு மருந்தடிச்சுக் குடுத்துட்டுப் போ. எனக்கு மேல எட்டாது” என்றாள். மூலை முடுக்கு விடாமல் அடித்துக் கொடுத்தான். கிளம்பும் அன்று வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் சரியாகப் பார்க்காமலே விடைபெற்றுக்கொண்டார்கள்.

இப்போது வாரத்துக்கு ஒரு தடவை, லீவு நாளில், அவன் போன் பண்ணுகிறான். புது ரூட்டைப்பற்றி, முதுகு வலியைப்பற்றி, ஸ்டீயரிங்குக்குக் கீழே கால் நீட்ட இடம் இல்லாததைப்பற்றிச் சொல்வான். அவள் உம் கொட்டுவாள். போனை வைக்கும் முன் அந்தக் கடைசி நாளைப்பற்றி ஒன்று கேட்பாள். ஒரு வாரம், ஜன்னல் திறந்திருந்ததா என்று கேட்டாள். திறந்திருந்தது என்றான். இன்னொரு வாரம், மூச்சு இழுத்தபோது கையைப் பிடித்திருந்தாயா, எந்தக் கை என்றாள். வலது கை, அவர் பிடித்த பிடியை விடவே இல்லை, நர்ஸ் வந்துதான் விரல்களைப் பிரித்தாள் என்றான். அவள் நன்றி என்றோ பாவி என்றோ சொல்லவில்லை. வைத்துவிட்டாள்.

போன வாரம், கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று கேட்டாள்.

“ஞாபகம் இல்லக்கா. நெசமாவே இல்ல.”

“யோசிச்சு வை. அடுத்த வாரம் சொல்லு” என்றாள்.

வாசலில் மரத்தூள் வண்டி வந்து ஹாரன் அடித்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, மூட்டைகளை எங்கே இறக்குவது என்று காட்டப் போனாள்.